2003 பாலன் தோர் நெத்வெத்துக்குக் கொடுத்தது சரிதானா?

நடுக்களம்

ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கான விருதான பாலன் தோர் சமயம் வந்தால் போதும், "தகுதியில்லாமல் வாங்கியவர்கள்" என்று ஒரு பட்டியல் எங்கிருந்தோ கிளம்பிவிடும். சாம்மர், ஓவன், நெத்வெத் என்று மூன்று பேரும் வரிசையாக நிற்பார்கள். மற்ற இருவருக்காக வாதாட எனக்கு நேரமில்லை. செக் நாட்டு நடுக்கள ஆட்டக்காரர் பாவெல் நெத்வெத் பெயரை அதில் பார்த்தால் மட்டும் எரிச்சல் வருகிறது.

2001 கோடையில் பிரான்ஸ் நட்சத்திரம் ஜிதானை இத்தாலியின் யுவென்டஸ் அணி ஸ்பெயினின் ரியால் மாட்ரிட்டுக்கு விற்றது. சுமார் 15,000 கோடி லிரா, அன்றைய உலகச் சாதனைத் தொகை. அந்தப் பணத்தில் வந்தவர்கள் புஃபோன், துராம், நெத்வெத். மூன்று பேரில் ஜிதானின் இடத்தை நிரப்ப வேண்டிய பாவம் நெத்வெத்துக்கு. முதல் சில மாதங்கள் தடுமாறினார், உண்மைதான். பிறகு பயிற்சியாளர் லிப்பி அவரை இடது ஓரத்தில் கட்டிப்போடாமல் முன்கள ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் இஷ்டம்போல் சுற்றவிட்டார். அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. 2002இலும் 2003இலும் அடுத்தடுத்து இத்தாலிய லீக் பட்டம், 2003இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி.

நெத்வெத் ஜிதானைப் போல ஆட முயலவே இல்லை. ஜிதான் பந்தைக் காலடியில் தூங்க வைப்பார். இவர் ஓடுவார், பறிப்பார், மறுபடி ஓடுவார், இருபத்தைந்து மீட்டரிலிருந்து இடது காலோ வலது காலோ எது கிடைக்கிறதோ அதால் அடிப்பார். எந்தக் கால் அவருடைய சொந்தக் கால் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்த ஆண்டு வாக்கு: நெத்வெத் 190, ஆர்சனலின் ஹென்றி 128, மிலானின் மால்தீனி 123. இதில் எங்கே அநியாயம்? சொல்லுங்கள்.

கன்னர்_மணி

நான் சொல்கிறேன். 2002-03 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஹென்றி 24 கோல் அடித்தார், 20 கோலுக்குப் பந்து கொடுத்தார். இரண்டையும் சேர்த்து ஒரே பருவத்தில் செய்த ஆளை அதற்கு முன்னால் யார் பார்த்தது? மேலே எஃப்.ஏ. கோப்பை. கோடையில் பிரான்சுக்குக் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. உங்கள் ஆள் லீக்கில் எத்தனை கோல்? ஒற்றை இலக்கம்.

62 புள்ளி வித்தியாசம் எல்லாம் பேச்சுக்கு ஆகாது. அப்போது வாக்களித்தவர்கள் ஐரோப்பிய நாடுகளின் பத்திரிகையாளர்கள் மட்டும்தான். சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனலில் உங்கள் ஆள் மண்டியிட்டு அழுததைப் பார்த்து அத்தனை பேருக்கும் மனம் இளகிவிட்டது. அனுதாப ஓட்டு, வேறொன்றுமில்லை.

தேநீர்_இடைவேளை

அனுதாப ஓட்டு விழாத தேர்தல் எது, மணி?

பழைய_ரேடியோ

ஹென்றியா நெத்வெத்தா என்பதில் நான் தலையிடவில்லை. இந்தப் பரிசு செக் நாட்டுக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நெத்வெத்துக்கு முன் அந்த மண்ணிலிருந்து இதை வாங்கியவர் ஒரே ஒருவர், யோசெஃப் மசோபுஸ்ட், 1962இல். அந்த ஆண்டு சிலியில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்ததே அவர்தான். பிறகு பிரேசில் மூன்று அடித்து 3-1 என்று ஜெயித்தது. டுக்லா பிராக் அணியோடு எட்டு முறை லீக் பட்டம். டுக்லா என்பது ராணுவத்தின் அணி. கோப்பையை ஓர் ஆட்டத்துக்கு முன்னால் கையில் கொடுத்தார்களாம், அதை விளையாட்டுப் பையில் போட்டுக்கொண்டு டிராம் ஏறி வீட்டுக்குப் போனதாக அவரே பின்னாளில் சொன்னார். மேடை, கோட்டு சூட்டு எதுவும் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் வெளிநாட்டு அணிக்குப் போனது எப்போது? 1968இல், 37 வயதில், பெல்ஜியத்தின் ஒரு சாதாரண அணிக்கு. அதுவரை அரசு விடவில்லை. 1976 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதியில் அந்தப் புகழ்பெற்ற பெனால்டியைத் தட்டிவிட்ட பனென்காவும் வியன்னாவுக்குப் போனபோது முப்பதைத் தாண்டிவிட்டார். கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவில் கால்பந்து ஆட்டக்காரர் என்றால் உள்ளூரிலேயே தேய்ந்து முடித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

நெத்வெத் பிறந்தது 1972 ஆகஸ்ட் 30, ஹெப் நகரத்தில். வளர்ந்தது பக்கத்திலுள்ள ஸ்கால்னா என்ற சிற்றூரில். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், மேற்கு ஜெர்மனி எல்லை கூப்பிடு தூரம். ஆனால் அந்த எல்லையில் முள்வேலி. 1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அவருக்கு 17 வயது. பில்சென், ராணுவ சேவைக்காக டுக்லா, பிறகு ஸ்பார்ட்டா பிராக், 24 வயதில் ரோம் நகரின் லாசியோ அணி. மசோபுஸ்டை விட 13 வயது முன்னால் வெளியே போயிருக்கிறார். பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் நாம் இந்த இழையில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கன்னர்_மணி

ஐயா, அருமையாக எழுதுகிறீர்கள், மறுப்பே இல்லை. ஆனால் 1972இல் பிறந்ததற்காக 2003இல் பரிசு தர முடியாதே.

பழைய_ரேடியோ

முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

நடுக்களம்

மணி, அந்த அழுகைக்கே வருவோம். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை.

2003 சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, பார்சிலோனா. சொந்த ஊரில் 1-1. பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் முதல் கோல் நெத்வெத்துடையது. ஷாவி சமன் செய்தார், டாவிட்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், பத்துப் பேரோடு கூடுதல் நேரத்தில் சலயேட்டா அடித்து யுவென்டஸ் தப்பியது. அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேருக்கான ஓட்டத்தை யார் ஓடினார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அரையிறுதி, ரியால் மாட்ரிட். ஜிதான், ஃபீகோ, ரொனால்டோ, ராவுல், ரொபெர்த்தோ கார்லோஸ். மாட்ரிட்டில் 2-1 தோல்வி. 2003 மே 14, யுவென்டஸின் ஊரான தூரின். திரெசெகே ஒன்று, தெல் பியேரோ ஒன்று. ஃபீகோவின் பெனால்டியை புஃபோன் தடுத்தார். அப்புறம் 73ஆவது நிமிடத்தில், நீளமாக வந்த பந்தின் பின்னால் ஓடி நெத்வெத் மூன்றாவது. தன்னை யாருக்குப் பதிலாக வாங்கினார்களோ அதே ஜிதான் எதிரணியில் நின்று பார்க்கிறார். ஒரு சினிமாக்காரர் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

பத்து நிமிடம் கழித்து, கோலிலிருந்து வெகு தூரத்தில், மக்மனமனைத் தட்டிவிட்டார். மஞ்சள் அட்டை. ஏற்கனவே சேர்ந்திருந்த அட்டைகளோடு இதுவும் சேர்ந்தால் இறுதி ஆட்டம் கிடையாது என்று அவருக்குத் தெரியும். நடுவர் கை சட்டைப் பைக்குப் போகும்போதே முகம் மாறிவிட்டது. அப்படியே மண்டியிட்டுத் தரையில் விழுந்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் குதிக்கிறார்கள், இவர் அழுதுகொண்டு நிற்கிறார்.

மே 28, ஓல்டு டிராஃபோர்டு. மிலானோடு 0-0. அப்படி ஓர் அறுவை ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. யுவென்டஸிடம் பந்தை முன்னால் கொண்டுபோக ஆளே இல்லை. பெனால்டியில் திரெசெகே, சலயேட்டா, மொன்தேரோ மூன்று பேர் உதையையும் மிலான் கோல்கீப்பர் திதா தடுத்தார். 3-2, மிலானுக்குக் கோப்பை. என் கணக்கில் பாலன் தோர் வாக்கு அங்கேதான் விழுந்தது. அவர் இல்லாமல் அந்த அணி எப்படி இருக்கும் என்று 120 நிமிடம் எல்லோருக்கும் காட்டினார்கள்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்

எல்லாம் சரி, ஆனால் அந்த ஃபவுல் முட்டாள்தனம்தானே? மூன்று கோல் முன்னிலை. மைதானத்தின் நடுப்பகுதி. பந்து போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். முப்பது வயதான ஆட்டக்காரர், பள்ளிக்கூடப் பையன் இல்லை. இதற்காக அவரைத் தியாகி ஆக்குவது எனக்குப் புரியவில்லை.

நடுக்களம்

ஆறுமுகம் அண்ணா, கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தக் கணக்கு 4-2. ரியால் இரண்டு கோல் அடித்தால் 4-4, வெளியூர் கோல் விதிப்படி (சமமானால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவருக்கு வெற்றி) ரியால் உள்ளே, யுவென்டஸ் வெளியே. ஃபவுல் நடந்து சில நிமிடத்தில், 89இல், ஜிதான் ஒன்று அடித்தே விட்டார். இன்னும் ஒன்று போயிருந்தால் கதை முடிந்தது. மூன்று கோல் முன்னிலை என்பது பார்வைக்குத்தான்.

தூரினில் அதே தெல்லே ஆல்ப்பி மைதானம் 1999இல் செய்ததும் நினைவிருக்கட்டும். மான்செஸ்டர் யுனைட்டட் அங்கே வந்து 3-2 என்று ஜெயித்தபோது ராய் கீன், ஸ்கோல்ஸ் இருவருமே மஞ்சள் அட்டை வாங்கி இறுதி ஆட்டத்தை இழந்தார்கள். கீன் தட்டிவிட்டது யாரை? யுவென்டஸில் இருந்த ஜிதானை. கீனை யாரும் முட்டாள் என்று சொல்வதில்லை.

இப்போது காலிறுதியோடு மஞ்சள் அட்டைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். அந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் இந்த இழைக்கு வேலையே இல்லை.

ஆஃப்சைடு_ஆறுமுகம்

வெளியூர் கோலை மறந்தே போனேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

ஒலிம்பிக்கோ_வடக்கு

எல்லோரும் யுவென்டஸ் யுவென்டஸ் என்று எழுதுகிறீர்கள். அவரைக் கண்டெடுத்தது லாசியோ. அதையும் பேசலாமா?

1996 யூரோவில் ஆன்ஃபீல்டில் இத்தாலிக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் அடித்தார், செக் அணி 2-1 என்று ஜெயித்தது, இத்தாலி முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. எங்களை வீட்டுக்கு அனுப்பியவனை எங்களுக்கே வாங்கி வாருங்கள் என்று போய் வாங்கியது மாதிரி இருந்தது. அப்போது லாசியோ பயிற்சியாளர் ஸ்தெனெக் செமான், அவரும் பிராக்கில் பிறந்தவர். (அவருடைய மாமா விட்ஸ்பாலெக் யுவென்டஸில் ஆடி, பிறகு பயிற்சியாளராக 1972, 73 பட்டங்களை வென்றவர். தூரினுக்கும் செக் நாட்டுக்கும் உறவு பழையது.)

ஐந்து வருடம், ஐம்பது கோலுக்கு மேல். 1999இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை இறுதி, பர்மிங்ஹாமில், மயோர்காவுடன் 1-1 என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது 81ஆவது நிமிடத்தில் வென்ற கோல் அவருடையது. அதோடு அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். கப் வின்னர்ஸ் கோப்பை வரலாற்றில் கடைசி கோல் என்று எழுதினால் அவர் பெயர்தான். 2000 மே 14இல் லீக் பட்டம். பட்டப் போட்டியில் இருந்த யுவென்டஸ் பெருஜாவில் கொட்டும் மழையில் தோற்க, ரோமில் நாங்கள் ரெஜீனாவை 3-0 என்று முடித்துவிட்டு வானொலியைச் சுற்றி நின்ற கதை, அதைத் தனி இழையாகவே எழுதலாம்.

அடுத்த வருடமே விற்றார்கள். விற்ற பாவம் நிர்வாகத்துடையது, பணத்தட்டுப்பாடு. ஆனாலும் போன இடம் யுவென்டஸ்! ரோமில் ரசிகர்கள் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆகவே "விசுவாசி நெத்வெத்" என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வரும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நடுக்களம்

சிரித்துவிட்டு இதையும் படியுங்கள். 2006, கால்ச்சோப்போலி ஊழல் (நடுவர் நியமனத்தில் கிளப்கள் தலையிட்ட விவகாரம்). யுவென்டஸை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள், 2005, 2006 பட்டங்கள் பறிபோயின, புதிய பருவத்தை மைனஸ் புள்ளியில் தொடங்க வேண்டும் (17இல் ஆரம்பித்துக் கடைசியில் 9 ஆகக் குறைந்தது). கானவாரோவும் எமெர்சனும் மாட்ரிட் போனார்கள். இப்ராஹிமோவிச்சும் வியேராவும் இன்டர். துராமும் சம்ப்ரோட்டாவும் பார்சிலோனா. உலகக் கோப்பை இறுதியில் ஆடிய கால்களில் பாதி ஒரு மாதத்தில் காலி.

தங்கியவர்கள் தெல் பியேரோ, புஃபோன், திரெசெகே, கமொரனேசி, நெத்வெத். இதில் நெத்வெத்துக்கு அந்த ஆகஸ்டில் 34 வயது ஆகிறது. முதல் ஆட்டம் ரிமினியில், 1-1. பாலன் தோர் வாங்கிய மனிதர் ரிமினியில் இடது ஓரம் ஓடிக்கொண்டிருக்கிறார். பருவம் முடிவில் 85 புள்ளியோடு முதலிடம், மறுபடி மேலே.

கன்னர்_மணி

34 வயதுக்காரருக்கு அந்தச் சம்பளத்தை வேறு யார் கொடுத்திருப்பார்கள்? தங்கியவர்களில் எத்தனை பேர் அன்பினால் தங்கினார்கள், எத்தனை பேர் ஒப்பந்தத்தினால் தங்கினார்கள் என்று நமக்குத் தெரியாது.

அப்புறம், இந்த மகானின் மறுபக்கம் ஒன்று இருக்கிறதே. அதே இரண்டாம் பிரிவில் ஜெனோவா அணியோடு ஆடியபோது சிவப்பு அட்டை, நடுவர் காலை மிதித்தார் என்று 5 ஆட்டத் தடை. அடுத்த வருடம் இன்டர் ஆட்டத்தில் அவருடைய மோதலில் ஃபீகோவுக்குக் கால் எலும்பு முறிந்தது. லேசாகத் தொட்டாலே சுருண்டு விழுவதில் வேறு பேர் வாங்கியவர்.

தேநீர்_இடைவேளை

இத்தாலிக்காரர்கள் வைத்த பட்டப்பெயரே "ஃபூரியா சேக்கா" தானே. செக் நாட்டு வெறி என்றும் படிக்கலாம், ஓர் எழுத்து கூட்டினால் கண்மண் தெரியாத வெறி. இதைவிடப் பொருத்தமாக ஒருவருக்குப் பெயர் வைக்க முடியாது. நடுவர் கால் உட்பட.

நடுக்களம்

மணி, இந்த மூன்றையும் மறுக்க மாட்டேன். சாது என்று நான் எங்கும் எழுதவில்லை. அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் கேம்ப் நூ கோலும் இருக்காது.

சில்வர்_கோல்

தாமதமாக வருகிறேன். எனக்கு கிளப் கணக்கு முக்கியமில்லை. அந்தச் செக் தேசிய அணியைக் காதலித்தவன் நான், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 யூரோ தகுதிச் சுற்று: எட்டு ஆட்டம், ஏழு வெற்றி, ஒரு டிரா, அதுவும் நெதர்லாந்தோடு ராட்டர்டாமில். பிராக்கில் அதே நெதர்லாந்துக்கு 3-1. இது 2003ஆம் ஆண்டின் செப்டம்பர், மணி அண்ணா குறித்துக்கொள்ளவும், இதுவும் வாக்குக் கணக்கில் வரும். பயிற்சியாளர் புரூக்னர், வெள்ளை முடித் தாத்தா. முன்னால் இரண்டு மீட்டர் உயரத்தில் கோலர், பக்கத்தில் துறுதுறு பரோஷ், பின்னால் ரோசிட்ஸ்கி, பொபோர்ஸ்கி, நெத்வெத், கோலில் இளைஞர் பெத்ர் செக். இப்படி ஒரு தலைமுறை அந்தச் சின்ன நாட்டுக்கு மறுபடி வாய்க்கவில்லை.

போர்ச்சுகலில் லாட்வியாவை 2-1. அடுத்து அவைரோவில் நெதர்லாந்து, இருபது நிமிடத்துக்குள் 0-2. வேறு அணியாக இருந்தால் கதவைச் சாத்தியிருக்கும். புரூக்னர் ஒரு தடுப்பாட்டக்காரரை எடுத்துவிட்டு ஸ்மிட்சரை உள்ளே விட்டார், முதல் பாதியிலேயே! கோலர் ஒன்று, பரோஷ் ஒன்று, 88இல் ஸ்மிட்சர் ஒன்று. இடையில் நெத்வெத் அடித்த ஓர் அடி கம்பத்தில் பட்டுத் தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் பார்த்ததில் மிகச் சிறந்த ஆட்டம் அதுதான், விவாதத்துக்கு இடமே இல்லை. பிறகு பாதி பேருக்கு ஓய்வு கொடுத்து ஜெர்மனியை 2-1, காலிறுதியில் டென்மார்க்கை 3-0.

ஜூலை 1, போர்ட்டோ, கிரீஸ். நாற்பது நிமிடத்தில் நெத்வெத்தின் முழங்கால் போயிற்று. நொண்டிக்கொண்டு வெளியே போனார். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் நொடியில், ஒரு கார்னர், தெல்லாஸ் தலையால் தட்டினார். சில்வர் கோல் விதி என்று ஒன்று இருந்தது, முதல் பாதி முடிவில் யார் முன்னிலையோ அவர்களுக்கு வெற்றி. மறு பாதி கிடையாது. திருப்பி அடிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தொடரோடு விதியையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இப்போது 1996க்குப் போங்கள். வெம்ப்ளி இறுதியில் பெர்கர் பெனால்டியில் 1-0, பியர்ஹோஃப் சமன், கூடுதல் நேரம் ஐந்தாவது நிமிடத்தில் பியர்ஹோஃப் அடித்த பந்து கோல்கீப்பர் கௌபாவின் கையில் வழுக்கி உள்ளே போனது. கோல்டன் கோல் விதி, கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும். தங்கத்தால் ஒருமுறை அடி, வெள்ளியால் ஒருமுறை அடி. நெத்வெத் இரண்டு அணியிலும் இருந்தவர். என் பயனர் பெயருக்கு விளக்கம் கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

ஆஃப்சைடு_ஆறுமுகம்

2006 உலகக் கோப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிய அணியிலிருந்து விலகியவர், 2005 நவம்பரில் நார்வேயுடனான பிளே-ஆஃபுக்குத் திரும்பி வந்தார். அமெரிக்காவை 3-0 என்று ஊதினார்கள், அதே ஆட்டத்தில் கோலருக்குத் தொடையில் காயம், அதோடு காற்று இறங்கியது. கானாவிடம் 0-2, இத்தாலியிடம் 0-2. அவர் ஆடிய ஒரே உலகக் கோப்பை மூன்று ஆட்டத்தில் முடிந்தது.

புதுவரவு_77

ஒரு சின்ன சந்தேகம், பெயரை எப்படி உச்சரிப்பது? நெட்வெட், நெத்வேட், நெட்வெத் என்று வெளியே ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள்.

பழைய_ரேடியோ

நெத்-வ்யெத், கடைசி எழுத்து அழுத்தமில்லாமல். தமிழில் நெத்வெத் என்று எழுதினால் போதும். பழைய செக் மொழியில் அதற்குக் கரடி என்று பொருள், இப்போது "மெத்வெத்" என்கிறார்கள்.

தேநீர்_இடைவேளை

கரடியிடம் மாட்டிய நடுவர் பாவம்.

கன்னர்_மணி

சரி, என் கடைசிப் பதிவு. 2003 பாலன் தோர் ஹென்றிக்கு. மாற்ற மாட்டேன். ஆனால் "தகுதியில்லாமல் வாங்கியவர்கள்" பட்டியலில் நெத்வெத்தைப் போடுபவன் அந்த வருட ஆட்டங்களைப் பார்க்காதவன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுக்களத்துக்கு இது போதுமா?

நடுக்களம்

போதும், இப்போதைக்கு.

ஒலிம்பிக்கோ_வடக்கு

மூடுவதற்கு முன் இரண்டு விஷயம், லாசியோ பக்கத்திலிருந்து.

2002 மே 5, லீக்கின் கடைசி நாள். இன்டர் எங்கள் மைதானத்தில் ஜெயித்தால் அவர்களுக்குப் பட்டம். யுவென்டஸ் ஒரு புள்ளி பின்னால், ரோமா அதற்கும் ஒரு புள்ளி பின்னால். எங்கள் உள்ளூர் எதிரி ரோமாவுக்கு மட்டும் போய்விடக் கூடாது என்று எங்கள் ரசிகர்களே இன்டருக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்டர் இரண்டு முறை முன்னிலை எடுத்தது, இரண்டு முறையும் எங்கள் ஆள் ஒருவர் சமன் செய்தார். யார்? கரெல் பொபோர்ஸ்கி. முடிவில் 4-2 எங்களுக்கு, ரொனால்டோ பெஞ்சில் உட்கார்ந்து அழுதார், பட்டம் தூரினுக்குப் போனது. யுவென்டஸில் நெத்வெத்தின் முதல் பட்டத்துக்கு வழிவிட்டது லாசியோ சட்டையில் இருந்த இன்னொரு செக்காரர்.

இன்னொன்று. 2009 மே 31, தூரின். நெத்வெத்தின் கடைசி ஆட்டம், கேப்டன் பட்டையோடு. எதிரணி லாசியோ. 2-0 என்று தோற்றோம். இரண்டாவது கோலுக்குப் பந்து கொடுத்துவிட்டு, ஆட்டம் முடிவதற்குள் மாற்று ஆளுக்கு இடம் விட்டு வெளியே போனார், மைதானமே எழுந்து நின்றது. 36 வயதில் அன்றைக்கும் அதே ஓட்டம்தான்.

நான் கைதட்டினேனா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.